கோடோவில் முதல் கேம்: மாங்காய் பிடிப்பதில் தொடங்கி அடுத்தவர் ஃபோனில் ஓடும் வரை

கேம் செய்ய ஆசைப்படுகிறவர்களில் பாதிப்பேர் எந்த என்ஜின் எடுப்பது என்ற கேள்வியிலேயே நின்றுவிடுகிறார்கள். யூனிட்டியா அன்ரியலா என்று மாதக்கணக்கில் வீடியோ பார்ப்பார்கள், ஒரு சதுரத்தைக்கூடத் திரையில் நகர்த்தியிருக்க மாட்டார்கள். அவர்களுக்காகத்தான் இது. என்ஜின்கள் எல்லாவற்றையும் சுற்றிக் காட்டப் போவதில்லை, ஒன்றை எடுத்து ஒரு சின்ன கேமை முழுதாக முடித்து, அதை இன்னொருவர் ஃபோனில் ஓட வைப்பது வரை போகிறோம். என்ஜின் பெயர் கோடோ. கேம் இதுதான்: மேலிருந்து மாங்காய் விழும், கீழே கூடையை நகர்த்திப் பிடிக்க வேண்டும், நடுநடுவே யாரோ மரத்தில் எறிந்த கல்லும் விழும், அது கூடையில் விழக்கூடாது.

என்ஜின் என்ன வேலை செய்கிறது

கேம் என்பது நொடிக்கு 60 முறை சுற்றும் ஒரு சுழற்சி. ஒவ்வொரு சுற்றிலும் எந்த விசை அழுத்தப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும், பொருள்களை நகர்த்த வேண்டும், எது எதன்மேல் மோதியது என்று கணக்குப் போட வேண்டும், பிறகு எல்லாவற்றையும் திரையில் வரைய வேண்டும். இத்தனைக்கும் கிடைப்பது 16.67 மில்லிநொடி. படம் வரைவது, மோதல் கணக்கு, ஒலி, விசைப்பலகை, ஃபோன், பிரவுசர் என்று ஒவ்வொன்றுக்கும் ஏற்றபடி கோப்பு தயாரிப்பது, இவையெல்லாம் எந்த கேமுக்கும் பொது. அந்தப் பொது வேலையைத் தனியே பிரித்து வைத்ததுதான் என்ஜின். 1993-இல் வந்த டூம் கேமுக்காக இட் சாஃப்ட்வேர் எழுதிய நிரலை வாங்கி ராவன் நிறுவனம் அடுத்த ஆண்டே ஹெரெடிக் என்ற வேறொரு கேமைச் செய்தது. ஒருவர் எழுதிய என்ஜினில் இன்னொருவர் கேம் செய்யும் பழக்கம் பெருகியது அந்தக் காலத்தில்தான்.

இது தெரிந்தால் ஒரு கவலை குறையும். சுழற்சி, காட்சி, மோதல், நிகழ்வு ஆகியவை எல்லா என்ஜினிலும் உண்டு, பெயர்தான் மாறும். ஒன்றில் உருப்படியாகக் கற்றால் அடுத்ததற்குத் தாவுவது பெரிய விஷயமில்லை.

ஏன் கோடோ, எப்போது மற்றவை

கோடோவை அர்ஜென்டினாவைச் சேர்ந்த ஹுவான் லினியெட்ஸ்கியும் ஆரியல் மன்சூரும் தொடங்கினார்கள். 2014-இல் எம்.ஐ.டி. உரிமத்தில் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். காசு கிடையாது, ராயல்டி கிடையாது, கேம் கோடி ரூபாய் சம்பாதித்தாலும் யாருக்கும் பங்கு தர வேண்டியதில்லை. நாம் பயன்படுத்தப்போவது 2023 மார்ச்சில் தொடங்கிய 4-ஆம் பதிப்பு வரிசை. பிரோடாட்டோ, டோம் கீப்பர், கேசட் பீஸ்ட்ஸ் எல்லாம் கோடோவில் செய்தவை, எனவே விளையாட்டுப் பொம்மை என்று நினைக்க வேண்டாம்.

உரிமம் ஏன் முக்கியம் என்பதை 2023 செப்டம்பர் எல்லோருக்கும் காட்டியது. குறிப்பிட்ட வருமானத்தையும் எண்ணிக்கையையும் தாண்டிய கேம்களுக்கு, ஒவ்வொரு புது இன்ஸ்டாலுக்கும் கட்டணம் என்று யூனிட்டி அறிவித்தது. கேம் செய்பவர்கள் கொதித்தெழுந்தார்கள், அடுத்த மாதமே தலைமை அதிகாரி ஜான் ரிச்சிடெல்லோ விலகினார், 2024 செப்டம்பரில் அந்தக் கட்டணமே கைவிடப்பட்டது. நடுவில் டெராரியா கேமைச் செய்த ரீலாஜிக் நிறுவனம் கோடோவுக்கு ஒரு லட்சம் டாலர் நன்கொடை கொடுத்தது.

அதற்காக யூனிட்டி மோசம் என்று சொல்லவில்லை. கேம் நிறுவனத்தில் வேலைக்குப் போவது நோக்கமென்றால் யூனிட்டியும் சி ஷார்ப்பும் கற்பதுதான் புத்திசாலித்தனம், மொபைல் கேம் செய்யும் இடங்களில் அதைத்தான் கேட்பார்கள். சினிமாத் தரத்தில் 3டி வேண்டுமென்றால் அன்ரியல், ஆனால் அதற்கு நல்ல கிராபிக்ஸ் கார்டும் பல பத்து ஜி.பி. இடமும் தேவை. கேம் பத்து லட்சம் டாலர் ஈட்டும் வரை அன்ரியலுக்கு எதுவும் கட்ட வேண்டாம், அதற்கு மேல் வருவதில் 5 சதவீதம் ராயல்டி. பத்து வயதுப் பிள்ளைக்கு என்றால் ஸ்கிராட்ச் போதும். இந்த மூன்றிலும் சேராத, சாதாரண லேப்டாப் வைத்திருக்கிற, தனியாக 2டி கேம் செய்ய நினைக்கிற ஆளுக்கு கோடோதான் பொருத்தம். தமிழ் எழுத்தைச் சரியாகக் காட்டுவதும் இன்னொரு காரணம், அதைப் பிறகு விரிவாகப் பார்ப்போம்.

இறக்கி வைப்பது

கோடோவின் அதிகாரபூர்வ தளத்தில் இரண்டு வகை இருக்கும். ஒன்று சாதாரணமானது, இன்னொன்று டாட்நெட் என்று போட்டது. சாதாரணமானதையே எடுங்கள். டாட்நெட் வகை சி ஷார்ப்பில் எழுத விரும்புகிறவர்களுக்கு, அதில் செய்த கேமை 4-ஆம் வரிசையில் பிரவுசருக்கு ஏற்றுமதி செய்ய முடியாமல் பலர் மாட்டிக்கொண்டார்கள். விண்டோஸுக்கான ஜிப் கோப்பு 100 எம்.பி.க்குள்தான் வரும். இன்ஸ்டால் எதுவும் கிடையாது, ஜிப்பைப் பிரித்து உள்ளே இருக்கும் கோப்பை இரட்டைச் சொடுக்கு செய்தால் திறந்துகொள்ளும்.

புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரர், அதாவது திரையில் படம் வரையும் பகுதி, எது என்று கேட்கும். ஃபார்வர்டு பிளஸ், மொபைல், கம்பாட்டிபிலிட்டி என மூன்று. கண்ணை மூடிக்கொண்டு கம்பாட்டிபிலிட்டியைத் தேர்ந்தெடுங்கள். பழைய இன்டெல் கிராபிக்ஸ் உள்ள லேப்டாப்பிலும் ஓடும், பிரவுசரில் ஓடக்கூடியதும் அது ஒன்றுதான்.

ஃபோல்டரிலும் கோப்புப் பெயரிலும் இடைவெளி, பெரிய எழுத்து வேண்டாம், சிறிய ஆங்கில எழுத்தும் அடிக்கோடும் மட்டும். விண்டோஸ் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பார்க்காது, ஆண்ட்ராய்டும் பிரவுசரும் பார்க்கும். உங்கள் கணினியில் அழகாக ஓடிய கேம் ஃபோனில் படம் இல்லாமல் வருவதற்கு அடிக்கடி காரணம் இந்த ஒரு எழுத்துதான்.

நோட், சீன்: இதைப் புரிந்துகொண்டால் போதும்

கோடோவில் எல்லாமே நோட். படம் காட்ட ஒரு நோட், ஒலிக்கு ஒரு நோட், நேரம் எண்ண ஒரு நோட். நோட்களை மரம்போல ஒன்றன்கீழ் ஒன்றாகக் கோர்த்துச் சேமித்தால் அது சீன். ஒரு சீனை இன்னொரு சீனுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் வைக்கலாம். கூடை ஒரு சீன், மாங்காய் ஒரு சீன், இவை இரண்டும் நடமாடும் ஆட்டம் மூன்றாவது சீன். யூனிட்டியில் சீன் என்றால் ஒரு நிலை, ஒரு லெவல் என்று பழகியவர்களுக்கு இது முதலில் குழப்பும். அங்கே ப்ரீஃபேப் என்று சொல்வதும் இங்கே சீன்தான்.

இன்னொன்று: படம் வரைய உட்காராதீர்கள். புது ப்ராஜெக்டிலேயே ஐகான் என்று கோடோவின் முகம் போட்ட ஒரு படம் இருக்கும், அளவு 128க்கு 128. அதையே கூடைக்கு, மாங்காய்க்கு, கல்லுக்கு என எல்லாவற்றுக்கும் போட்டு, நோட்டின் அமைப்புகளைக் காட்டும் இன்ஸ்பெக்டர் பகுதியில் மாடுலேட் என்ற இடத்தில் நிறத்தை மட்டும் மாற்றுங்கள். கூடைக்குப் பழுப்பு, மாங்காய்க்குப் பச்சை, கல்லுக்குச் சாம்பல். கேம் ஓடத் தொடங்கிய பிறகு படத்தை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அப்போது நீங்களே வரையலாம், அல்லது கென்னி என்பவரின் தளத்தில் சிசி ஜீரோ உரிமத்தில் கிடைக்கும் படங்களை எடுத்துக்கொள்ளலாம், பெயர் போடும் கட்டாயம்கூட இல்லை.

கூடை

புது சீன். வேர் நோட் ஏரியா 2டி. அதன்கீழ் ஸ்பிரைட் 2டி ஒன்று, கொலிஷன் ஷேப் 2டி ஒன்று. ஸ்பிரைட்டின் டெக்ஸ்சர் இடத்தில் ஐகான் படத்தை இழுத்துப் போடுங்கள். கொலிஷன் ஷேப்பில் செவ்வக வடிவைத் தேர்ந்தெடுத்து, படத்தின்மேல் ஆரஞ்சுப் புள்ளிகளை இழுத்து அளவைச் சரிசெய்யுங்கள். வடிவம் கொடுக்க மறந்தால் நோட் பக்கத்தில் மஞ்சள் முக்கோணம் தெரியும், அதன்மேல் சுட்டியை வைத்தால் என்ன குறை என்று அதுவே சொல்லும். அளவை மாற்ற ஸ்கேலைத் தொடாதீர்கள், வடிவத்தின் அளவையே மாற்றுங்கள், இல்லாவிட்டால் மோதல் கணக்கு பிசகும்.

வேர் நோட்டுக்கு ஒரு ஸ்கிரிப்ட், அதாவது நிரல் கோப்பு, இணையுங்கள். மொழி ஜிடி ஸ்கிரிப்ட், பைத்தான் தெரிந்தவர்களுக்குப் பழகிய முகமாக இருக்கும், உள்தள்ளல் வைத்தே நிரல் பகுதிகளைப் பிரிக்கும். கட்டளைகள் ஆங்கில எழுத்தில்தான், நான் இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். எடிட்டரில் முதல் மூன்று நான்கு எழுத்தைத் தட்டினாலே மீதியை அதுவே எடுத்துக்கொடுக்கும். ஆனால் நீங்கள் உருவாக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், 4-ஆம் பதிப்பு அதை அனுமதிக்கிறது. வேகம், மதிப்பெண், உயிர் என்று எழுதினால் அப்படியே ஓடும். தனியாகச் செய்யும் கேமில் இது நன்றாகவே இருக்கிறது. குழுவாகச் செய்தால், கூட வேலை செய்பவர்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

வேகம் என்று ஒரு மாறி, மதிப்பு 500. முன்னால் எக்ஸ்போர்ட் என்ற குறியைப் போட்டால் அது இன்ஸ்பெக்டரில் தெரியும், நிரலைத் திறக்காமலே மாற்றிப் பார்க்கலாம். அடுத்து பிசிக்ஸ் ப்ராசஸ் என்ற செயல்கூறு. இதை என்ஜினே நொடிக்கு 60 முறை அழைக்கும், ஒவ்வொரு முறையும் டெல்டா என்று ஒரு எண்ணைத் தரும், அது முந்தைய சுற்றுக்குப் பின் கழிந்த நேரம். உள்ளே இன்புட் கெட் ஆக்சிஸ் கட்டளையில் யுஐ லெஃப்ட், யுஐ ரைட் என்ற இரண்டு பெயர்களைக் கொடுங்கள். இடது அம்பு அழுத்தினால் கழித்தல் ஒன்று, வலது அழுத்தினால் ஒன்று, எதுவும் இல்லையென்றால் பூஜ்யம் வரும். அதை வேகத்தாலும் டெல்டாவாலும் பெருக்கி பொசிஷன் எக்ஸுடன் கூட்டுங்கள்.

டெல்டாவால் பெருக்குவதைச் சிலர் மந்திரம்போல எழுதுவார்கள், காரணம் எளிது. பெருக்காவிட்டால் 500 என்பது சுற்றுக்கு 500 பிக்சல், கூடை ஒரே தாவலில் பாதித் திரையைக் கடந்துவிடும். பெருக்கினால் நொடிக்கு 500 பிக்சல், சுற்று எத்தனை வேகமாக நடந்தாலும் கூடையின் வேகம் மாறாது.

கடைசியாக கிளாம்ப் கட்டளையால் எக்ஸ் மதிப்பை 64க்கும் 1088க்கும் நடுவில் அடக்குங்கள். திரையின் இயல்பு அகலம் 1152, கூடையின் பாதி அகலம் 64, அதனால்தான் இந்த எண்கள். கூடை வெளியே ஓடாது.

மாங்காயும் கல்லும்

மறுபடி ஏரியா 2டி, ஸ்பிரைட், கொலிஷன் ஷேப். இம்முறை வட்ட வடிவம். ஸ்பிரைட்டை மட்டும் பாதியாகச் சுருக்குங்கள். ஸ்கிரிப்டில் விழும்வேகம் ஒரு மாறி, கல்லா என்ற ஆம்-இல்லை மாறி ஒன்று. மாங்காய்க்கும் கல்லுக்கும் தனித்தனி சீன் வேண்டாம், இந்த ஒரு மாறி உண்மையென்றால் நிறம் சாம்பல், அவ்வளவுதான் வித்தியாசம்.

கோடோவில் ஒய் அச்சு கீழ்நோக்கி வளரும், பள்ளிக்கூட வரைபடத்துக்கு நேர்மாறு. எனவே விழ வைக்க பொசிஷன் ஒய்யுடன் கூட்ட வேண்டும், கழிக்கக்கூடாது. திரையின் உயரம் 648. ஒய் 700-ஐத் தாண்டினால் மாங்காய் தவறிவிட்டது என்று பொருள்.

இங்கேதான் சிக்னல் வருகிறது. மாங்காய் தவறினால் உயிர் குறைய வேண்டும். ஆனால் உயிர் எண்ணிக்கை மாங்காயிடம் இல்லை, ஆட்டத்திடம் இருக்கிறது. மாங்காயின் ஸ்கிரிப்டிலிருந்து மேலே ஏறிப் போய் ஆட்டத்தின் மாறியைத் தொடலாம்தான், ஆனால் நாளைக்கு மரத்தின் அமைப்பை மாற்றினால் எல்லாம் உடையும். அதற்குப் பதில் மாங்காயின் ஸ்கிரிப்டில் தவறியது என்று ஒரு சிக்னலை அறிவித்து, ஒய் 700 தாண்டியதும் அதை எமிட் கட்டளையால் அனுப்பிவிட்டு, க்யூ ஃப்ரீ கட்டளையால் தன்னையே நீக்கிக்கொள்ளட்டும். யார் கேட்கிறார்கள் என்பது மாங்காய்க்குத் தெரிய வேண்டியதில்லை. கோடோ ஆட்களிடையே ஒரு வழக்கம் உண்டு: கீழே இருக்கும் நோட்டை நேரடியாக அழைக்கலாம், மேலே இருப்பதற்குச் சிக்னல்தான் அனுப்ப வேண்டும். முதல் கேமிலிருந்தே இதைக் கடைப்பிடித்தால் பின்னால் நிறையத் தலைவலி குறையும்.

ஆட்டம்

மூன்றாவது சீன். வேர் நோட் 2டி. கூடை சீனை உள்ளே இழுத்துப்போட்டு 576, 580 என்ற இடத்தில் வையுங்கள். டைமர் நோட் ஒன்று சேர்த்து, காத்திருக்கும் நேரம் ஒரு நொடி, ஆட்டோஸ்டார்ட் ஆன். டைமரின் டைம்அவுட் சிக்னலை ஆட்டத்தின் ஸ்கிரிப்டோடு இணையுங்கள், சிக்னல் பட்டியலில் இரட்டைச் சொடுக்கு போதும்.

ஆட்டத்தின் ஸ்கிரிப்டில் எக்ஸ்போர்ட் குறியோடு ஒரு சீன் மாறி வைத்து, இன்ஸ்பெக்டரில் அதற்குள் மாங்காய் சீனை இழுத்துப்போடுங்கள். அந்தச் செயல்கூறில் நடப்பது: அந்த மாங்காய் சீனின் ஒரு பிரதியை இன்ஸ்டான்ஷியேட் செய்வது, அதன் எக்ஸை ராண்ட் எஃப் ரேஞ்ச் மூலம் 64க்கும் 1088க்கும் நடுவில் ஏதோ ஓர் எண்ணாக வைப்பது, ஒய்யைக் கழித்தல் 50 என்று திரைக்கு மேலே வைப்பது, 0-க்கும் 1-க்கும் நடுவில் ஏதோ ஓர் எண்ணைத் தரும் ராண்ட் எஃப் 0.2-க்குக் குறைவாக வந்தால் கல்லா மாறியை உண்மையாக்குவது, தவறியது சிக்னலை இணைப்பது, கடைசியில் ஆட் சைல்டு கட்டளையால் அதை ஆட்டத்துக்குள் சேர்ப்பது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆட் சைல்டு செய்த நொடியில் மாங்காயின் ரெடி செயல்கூறு ஓடிவிடும், நிறத்தை அங்கே தீர்மானித்திருந்தால் அதற்குப் பிறகு கல்லா மாறியை மாற்றிப் பயனில்லை.

பிடிப்பதற்கு, கூடையின் ஏரியா என்டர்டு சிக்னலை ஆட்டத்தோடு இணையுங்கள். எந்த ஏரியா உள்ளே வந்தது என்பதை அது கையில் கொடுக்கும். கல்லென்றால் உயிர் ஒன்று குறையும், மாங்காயென்றால் மதிப்பெண் ஒன்று கூடும், இரண்டிலும் வந்த பொருளுக்கு க்யூ ஃப்ரீ. தவறியது சிக்னலில் ஒரு சின்ன கவனம்: கல் கீழே போய்விட்டால் அது நல்லதுதானே, அதற்கு உயிர் குறையக்கூடாது. கல்லுக்கு அந்தச் சிக்னலை இணைக்காமலே விட்டுவிடுங்கள்.

இப்போது ஓட்டிப் பாருங்கள். பெரும்பாலும் சிவப்பு வரி ஒன்று வரும், நல் என்ற சொல்லோடு. நீங்கள் தேடிய நோட் அந்தப் பெயரில் அந்த இடத்தில் இல்லை என்று அர்த்தம். பெயரை மாற்றினீர்களா, வேறொரு நோட்டின்கீழ் நகர்த்தினீர்களா என்று பாருங்கள், அல்லது எக்ஸ்போர்ட் செய்த சீன் மாறியில் மாங்காய் சீனை இழுத்துப்போட மறந்திருப்பீர்கள். பத்தில் எட்டுப் பிழை இந்த வகைதான்.

கடினம் ஏறுவதற்குப் பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு மாங்காய்க்கும் டைமரின் காத்திருப்பை 0.02 நொடி குறையுங்கள், 0.35-க்குக் கீழே போகாமல். விழும்வேகம் 200 கூட்டல் மதிப்பெண்ணின் நான்கு மடங்கு. இந்த எண்களோடு விளையாடிப் பாருங்கள், ஒரே நிரல் தூங்கவைக்கும் கேமாகவும் பதறவைக்கும் கேமாகவும் மாறுவதைக் காண்பீர்கள். கேம் டிசைன் என்று பெரிதாகச் சொல்வதில் கணிசமான பங்கு இந்த எண்களைத் திருகுவதுதான்.

தமிழில் எழுத்துக் காட்டுவது

மதிப்பெண்ணைக் காட்ட கேன்வாஸ் லேயர் நோட்டின்கீழ் ஒரு லேபிள் வையுங்கள். நேராக லேபிளை ஆட்டத்துக்குள் போட்டாலும் தெரியும், ஆனால் பின்னாளில் கேமரா சேர்த்தால் எழுத்தும் சேர்ந்து நகரும்.

லேபிளில் தமிழில் தட்டினால் உங்கள் கணினியில் சரியாகவே தெரியும். அதை நம்பாதீர்கள். கோடோவோடு வரும் இயல்பு எழுத்துருவில் தமிழ் கிடையாது, உங்கள் கணினியில் இருக்கும் தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்கித்தான் காட்டுகிறது. பிரவுசருக்கு ஏற்றுமதி செய்தால் அந்தக் கடன் கிடைக்காது, எல்லாம் கட்டம் கட்டமாக நிற்கும். எனவே நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவை இறக்கி ப்ராஜெக்ட் ஃபோல்டரில் போட்டு, ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் ஜியுஐ, தீம் என்ற பகுதியில் கஸ்டம் ஃபான்ட் இடத்தில் அதைக் கொடுங்கள். இது அடோபி, கூகுள் மாதிரி பெரிய நிறுவனங்களும் பயன்படுத்தும் திறந்த எழுத்துரு உரிமத்தில் இருப்பதால் கேமோடு சேர்த்து அனுப்பத் தடையில்லை.

எழுத்துரு இருந்தால் மட்டும் போதாது என்பதுதான் தமிழின் சிக்கல். கொ என்பது கணினியில் ககரம், பிறகு ஒகரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது, வரையும்போது கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஒரு தனி நிரல் வேண்டும். 4-ஆம் பதிப்பில் கோடோ ஹார்ஃப்பஸ் என்ற நூலகத்தை உள்ளேயே வைத்துக்கொண்டது, அதனால் தமிழ் ஒழுங்காக வருகிறது. யூனிட்டியில் அதிகம் புழங்கும் டெக்ஸ்ட்மெஷ் ப்ரோவில் இந்த வசதி இல்லாததால் தமிழில் கேம் செய்தவர்கள் குறுக்கு வழி தேடி அலைந்தது நெடுநாள் கதை.

கதாபாத்திரம் பேசும்போது எழுத்து ஒவ்வொன்றாகத் தோன்றும் அந்த உத்தியைத் தமிழில் செய்தால் இன்னொரு இடறல். தமிழ் என்ற சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஒவ்வொன்றாகக் காட்டினால் முதலில் ம வரும், பிறகு அது மி ஆக மாறும், ழ வந்து பிறகு புள்ளி ஏறும், பார்க்க உறுத்தலாக இருக்கும். ரிச்டெக்ஸ்ட் லேபிளிலும் லேபிளிலும் விசிபிள் கேரக்டர்ஸ் பிஹேவியர் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, அதை ஆஃப்டர் ஷேப்பிங் என்று மாற்றிப் பாருங்கள். சொல் விளையாட்டு செய்கிறீர்களென்றால் நீளம் கணக்கிட லெங்த் கட்டளையை நம்பவே கூடாது, டெக்ஸ்ட் சர்வரில் கேரக்டர் பிரேக்ஸ் என்று முடியும் கட்டளை இருக்கிறது, எழுத்து எங்கே முடிகிறது என்பதை அது சொல்லும்.

முடிவும் மறு ஆட்டமும்

உயிர் பூஜ்யமானதும் கெட் ட்ரீ வழியாக பாஸ்டு என்ற மாறியை உண்மையாக்குங்கள், எல்லாம் உறையும். மறுபடி ஆடு என்று ஒரு பட்டனைக் காட்டுங்கள். அழுத்தினால் வேலை செய்யாது! பட்டனும் உறைந்துவிட்டது. அதன் ப்ராசஸ் மோடை ஆல்வேஸ் என்று மாற்ற வேண்டும். பட்டனின் செயல்கூறில் ரீலோடு கரண்ட் சீன் கட்டளை, அதற்கு முன் வரியில் பாஸ்டைப் பொய்யாக்குவது. இந்த முன் வரியை விட்டுவிட்டால் புது ஆட்டமும் உறைந்தபடியே தொடங்கும், என்ஜினில் ஏதோ கோளாறு என்று தோன்றும்.

சத்தம். மாங்காயின் உள்ளேயே ஆடியோ நோட்டை வைத்து, பிடித்ததும் ஒலிக்கச் சொன்னால் எதுவும் கேட்காது, மாங்காய் நீங்கும்போது ஒலியும் கூடவே நீங்கிவிடுகிறது. ஆடியோ நோட்டைக் கூடையில் வையுங்கள். அப்புறம் கிரியேட் ட்வீன் கட்டளையால், பிடித்த கணத்தில் கூடையின் ஸ்பிரைட்டை 0.1 நொடியில் 1.2 மடங்கு பெரிதாக்கி, அடுத்த 0.1 நொடியில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள். மூன்று வரி நிரல்தான், ஆனால் இது இல்லாத கேமையும் இருக்கும் கேமையும் பக்கத்தில் வைத்து ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.

ஃபோனுக்குத் தயார்செய்வது

ஃபோனில் அம்புக்குறி இல்லை. கோடோ இயல்பாகவே தொடுதலைச் சுட்டியாக மாற்றிக் கொடுக்கும் என்பதால், இடது பொத்தான் அழுத்தியிருக்கிறதா என்று பார்த்து, அழுத்தியிருந்தால் கூடையின் எக்ஸை மூவ் டுவர்டு கட்டளையால் சுட்டியின் எக்ஸை நோக்கி நகர்த்தினால் விரலுக்கும் அதுவே வேலை செய்யும். நேராக விரலிருக்கும் இடத்துக்குக் கூடையைத் தாவவிட வேண்டாம், கேமில் சவாலே போய்விடும்.

ஃபோன் திரைகள் ஒன்றுபோல் ஒன்று இருக்காது. ப்ராஜெக்ட் செட்டிங்ஸில் டிஸ்ப்ளே, விண்டோ, ஸ்ட்ரெட்ச் என்ற இடத்தில் மோடை கேன்வாஸ் ஐட்டம்ஸ் என்றும் ஆஸ்பெக்டைக் கீப் என்றும் வைத்தால் ஓரத்தில் கறுப்புப் பட்டை வரும், ஆனால் எல்லோருக்கும் ஒரே ஆடுகளம். முதல் கேமுக்கு அது போதும்.

வெளியிடுவது

கோடோ சின்னது என்று சொன்னேன், அதன் மறுபக்கம் இங்கே. ஏற்றுமதிக்கு எக்ஸ்போர்ட் டெம்ப்ளேட் என்று தனியாக இறக்க வேண்டும், சுமார் ஒரு ஜி.பி. வரும். எடிட்டரின் பதிப்பு எண்ணும் டெம்ப்ளேட்டின் எண்ணும் கடைசிப் புள்ளி வரை பொருந்த வேண்டும். ஃபோன் டேட்டாவில் இறக்குபவர்கள் பார்த்துச் செய்யுங்கள்.

முதலில் பிரவுசருக்கே ஏற்றுமதி செய்யுங்கள், ஆண்ட்ராய்டை அப்புறம் பார்க்கலாம். லிங்க் அனுப்பினால் நண்பர் உடனே ஆடிப்பார்ப்பார், ஆண்ட்ராய்டில் இன்ஸ்டால் செய்யும் கோப்பான ஏபிகேயை அனுப்பினால் இன்ஸ்டால் பண்ணுவதற்கே யோசிப்பார். எக்ஸ்போர்ட் பெட்டியில் வெப் சேர்த்து, கோப்புக்கு இன்டெக்ஸ் என்று பெயர் வைத்து, தனி ஃபோல்டரில் ஏற்றுமதி செய்து, உள்ளிருக்கும் எல்லாக் கோப்புகளையும் ஜிப் செய்து, கேம்களை வெளியிடும் இட்ச் தளத்தில் ஏற்றுங்கள். பிரவுசரில் ஆடக்கூடியது என்ற பெட்டியில் டிக் போட மறக்காதீர்கள். காசு எதுவும் இல்லை. 4.3 பதிப்புக்கு முன் இதற்குச் சர்வரில் சிறப்பு அமைப்புகள் வேண்டியிருந்தன, பழைய வீடியோக்களில் அதைப்பற்றிப் பேசுவார்கள். இப்போது த்ரெட் வசதியை அணைத்தே வைத்திருப்பதால் அந்தத் தொல்லை இல்லை. ஏற்றுமதி செய்த கோப்பை ஃபோல்டரிலிருந்து இரட்டைச் சொடுக்கு செய்தால் ஓடாது, கவலைப்பட வேண்டாம். எடிட்டரில் மேலே இருக்கும் பிரவுசரில் ஓட்டு பட்டனைப் பயன்படுத்துங்கள். பிரவுசர்கள் யாராவது திரையைத் தொடும் வரை ஒலியை அனுமதிக்காது, அதனால் தொடங்கு என்று ஒரு பட்டனோடு கேம் ஆரம்பித்தால் நல்லது.

ஆண்ட்ராய்டுக்கு ஜேடிகே 17, ஆண்ட்ராய்டு எஸ்டிகே என்ற இரண்டு கருவித் தொகுப்புகள் வேண்டும், இரண்டின் இருப்பிடத்தையும் எடிட்டர் செட்டிங்ஸில் காட்ட வேண்டும். ஏற்றுமதியின்போது ஈடிசி2, ஏஎஸ்டிசி என்று ஏதோ சிவப்பில் வந்தால் பயப்படாமல் பக்கத்திலேயே இருக்கும் சரிசெய் பட்டனை அழுத்துங்கள், ஃபோன் கிராபிக்ஸுக்கு ஏற்றபடி படங்களை மாற்றச் சொல்லும் அமைப்பு அது.

ப்ளே ஸ்டோரில் போட வேண்டுமென்றால் ஒருமுறைக் கட்டணம் 25 டாலர். புதிதாகத் தனிநபர் கணக்கு தொடங்குபவர்கள் குறைந்தது 12 பேரைக் கொண்டு தொடர்ந்து 14 நாள் சோதித்துக் காட்ட வேண்டும் என்று கூகுள் கேட்கிறது, ஆள் திரட்டுவதை முன்கூட்டியே தொடங்குங்கள். ஸ்டோருக்கு ஏபிகே போதாது, ஏஏபி என்ற வேறு வகைக் கோப்பு வேண்டும், அதற்கு கோடோவின் எக்ஸ்போர்ட் பெட்டியில் கிரேடில் பில்டை ஆன் செய்ய வேண்டும். கணினிக்கான ஸ்டீம் தளத்தில் ஒவ்வொரு கேமுக்கும் 100 டாலர். மாங்காய் கேமுக்கு அந்தச் செலவு வேண்டாம்.

கையெழுத்துச் சாவிக் கோப்பு ஒன்றை ஏற்றுமதியின்போது உருவாக்குவீர்கள். அதையும் அதன் கடவுச்சொல்லையும் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்கு வெளியே இரண்டு இடத்தில் வையுங்கள், கிட்ஹப்பில் ஏற்றிவிடாதீர்கள். சாவி தொலைந்து வேறொன்றால் கையெழுத்திட்ட ஏபிகேயை நண்பருக்கு அனுப்பினால், பழையதை நீக்காமல் அது அவர் ஃபோனில் ஏறாது, நீக்கினால் அவர் சேர்த்து வைத்த மதிப்பெண்ணும் போய்விடும்.